கடற்பாசி புறஊதாக் கதிரை எப்படிச் சமாளிக்கிறது?

கேள்வி இதுதான்: கரையோரப் பாறைகளில் ஒட்டி வளரும் கடற்பாசிகள் கடல் வற்றும்போது மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கின்றன. புறஊதாக் கதிர் அவற்றை ஒன்றும் செய்யாதா? நாம் பூசும் சன்ஸ்கிரீன் மாதிரி ஏதாவது அவற்றிடம் உண்டா? இருந்தால் அதை எடுத்து நாம் பயன்படுத்தலாமா?

கதிர் பாதிக்கத்தான் செய்யும். சன்ஸ்கிரீனும் உண்டு, அதுவும் நல்ல தரமான சரக்கு. ஆனால் இதைப் பற்றி எழுதுகிற பலரும் சன்ஸ்கிரீனோடு கதையை முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் அது பாதிக் கதைதான். கடற்பாசி பிழைத்துக் கிடப்பதற்குக் கதிரைத் தடுக்கும் திறமை எவ்வளவு காரணமோ, அடிபட்ட பின் பழுது பார்க்கும் வேகமும் அவ்வளவு காரணம். சில இனங்களில் பின்னதுதான் பெரிது.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். பாறையில் ஒட்டிய பாசி நிழல் தேடிப் போக முடியாது. சரி, தடித்த தோலைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாமா என்றால் அதுவும் முடியாது, அதன் சாப்பாடே வெயில்தான். ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை உள்ளே விட வேண்டும், அதை ஒட்டினாற்போல் 400-க்குக் கீழே தொடங்கும் புறஊதாவை மட்டும் நிறுத்த வேண்டும். கருப்பு நிறமி ஒன்றை அப்பிக்கொண்டால் பாதுகாப்பு கிடைக்கும், பட்டினியும் சேர்ந்தே கிடைக்கும்.

புறஊதாவிலும் எல்லாம் ஒரே ரகம் அல்ல. 280-க்குக் கீழே உள்ள யுவி-சி நம் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதே இல்லை. 280 முதல் 315 வரை யுவி-பி; இதில் பெரும்பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது, மிச்சம் வருவது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம்தான் கொடியது. 315 முதல் 400 வரை யுவி-ஏ; தரைக்கு வரும் புறஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் இதுதான். தண்ணீர் ஓரளவு காப்பாற்றும். ஆனால் எவ்வளவு என்பது தண்ணீரைப் பொறுத்தது. தெளிந்த நடுக்கடலில் யுவி-பி பத்து, இருபது மீட்டர் கூட இறங்கும். ஆறு வந்து கலக்கும் கலங்கிய கரையோரத்தில் ஓரிரு மீட்டருக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் அங்கே கரைந்திருக்கும் மட்கிய தாவரப் பொருள் புறஊதாவை நன்றாக விழுங்கும். கடல் ஏறும் எல்லைக்கும் வற்றும் எல்லைக்கும் நடுவில் உள்ள ஓதப்பகுதிப் பாறையில் வாழும் பாசிக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. கடல் வற்றும் நேரம் நடுப்பகலில் வந்தால் தண்ணீர்த் திரையே இல்லாமல் நேர் வெயில்தான்.

கதிர் பட்டால் உள்ளே என்ன நடக்கும்? யுவி-பி நேராக டி.என்.ஏ-வைத் தாக்குகிறது. அதில் எழுத்துகள் போல அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள், அல்லது தைமினும் சைட்டோசினும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் டி.என்.ஏ-வைப் படிக்கும் நொதி தடுக்கி நின்றுவிடும். செல் பிரியாது, தேவையான புரதம் தயாராகாது. அடுத்த அடி ஒளிச்சேர்க்கை இயந்திரத்துக்கு, குறிப்பாக அதன் இரண்டாம் ஒளியமைப்பில் உள்ள டி1 என்ற புரதத்துக்கு. மூன்றாவது கொஞ்சம் மறைமுகமானது: யுவி-ஏ-வும் அளவுக்கு மிஞ்சிய சாதாரண வெளிச்சமும் சேர்ந்து செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பர் ஆக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவங்களைக் கிளப்பிவிடும். அவை சவ்வு, புரதம் என்று கண்டதையும் அரிக்கும்.

இனி தற்காப்புக்கு வருவோம். இதில் சிவப்புப் பாசிகளே முன்னோடிகள். மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள் என்று ஒரு குடும்பம் உண்டு, ஆய்வாளர்கள் சுருக்கமாக எம்.ஏ.ஏ என்பார்கள். மூலக்கூறு எடை 400-க்குள் அடங்கும் சிறிய பொருள்கள், நீரில் எளிதாகக் கரையும், நிறமே கிடையாது. நிறமில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 309 முதல் 362 நானோமீட்டருக்குள் ஏதோ ஓரிடத்தில் உச்சமாக உறிஞ்சும், 400-க்கு மேலே உள்ள ஒளியைத் தொடாது. சாப்பாடு உள்ளே போகிறது, விஷம் வாசலிலேயே நிற்கிறது. போர்பைரா என்ற பாசியில் மிகுந்திருப்பதற்குப் போர்பைரா-334 என்றே பெயர், உச்சம் எங்கே என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது. ஷினோரின், பாலித்தைன், ஆஸ்டெரினா-330 ஆகியவை மற்ற முக்கியமானவை. ஒரே பாசியில் மூன்று நான்கு கலந்து இருப்பதால் உறிஞ்சும் பட்டை அகலமாகிறது.

உறிஞ்சினால் போதாது, உறிஞ்சியதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பல வேதிப்பொருள்கள் புறஊதாவை உறிஞ்சும், பிறகு தாங்களே உடைந்து போகும், அல்லது அந்த ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறிடம் தள்ளிவிட்டு அதைக் கெடுக்கும். போர்பைரா-334 வாங்கிய ஆற்றலில் 96 முதல் 98 சதவீதத்தை வெப்பமாக்கி வெளியே விட்டுவிடுகிறது. ஒளிர்வது மிகச் சொற்பம், உடைவது அதைவிடச் சொற்பம். மனிதர் தயாரித்த சில வடிகட்டிகள் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் களைத்துப்போவதோடு ஒப்பிட்டால் இந்தத் தாக்குப்பிடிப்பு பொறாமைப்பட வைக்கும்.

இதை ஆய்வகத்தில் பார்ப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல. உலர்ந்த பாசித் துணுக்கை, 25 சதவீத மெத்தனால் கலந்த நீரில் போட்டு 45 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் எம்.ஏ.ஏ கரைந்து வெளியே வந்துவிடும். வடிகட்டிய திரவத்தை நிறமாலைமானியில் வைத்தால் 330-ஐ ஒட்டி வழுவழுப்பான ஒரு மேடு எழும்புவது தெரியும். அடியில் இருந்து எடுத்த சிவப்புப் பாசியையும் மேல் பாறையில் இருந்து எடுத்ததையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் ஒன்றில் கிட்டத்தட்ட சமவெளி, மற்றதில் மலை.

ஆம், எல்லா சிவப்புப் பாசியும் இதைச் செய்வதில்லை. எம்.ஏ.ஏ விஷயத்தில் அவற்றை மூன்றாகப் பிரித்துவிடலாம். ஆழத்தில் மட்டும் வாழ்பவை, என்ன செய்தாலும் தயாரிக்காது. தேவைப்பட்டால் மட்டும் தயாரிப்பவை சில. எப்போதும் நிறைய வைத்திருப்பவை சில. ஓதப்பகுதியின் உச்சியில் வாழும் போர்பைரா இந்தக் கடைசி வகை. நடு வகைக்கு நன்கு அலசப்பட்ட உதாரணம் வடக்கு அட்லாண்டிக் கரைகளில் வளரும் காண்ட்ரஸ் கிறிஸ்பஸ். ஆழத்தில் இருந்து எடுத்து மேலே நட்டால் சில நாட்களிலேயே அதன் எம்.ஏ.ஏ அளவு ஏறத் தொடங்கும். இன்னும் சுவாரசியம், அதைத் தூண்டுவது கொடிய யுவி-பி மட்டும் அல்ல. நீல ஒளிக்கு ஒரு கலவையும் யுவி-ஏ-வுக்கு வேறொரு கலவையும் அது தயாரிக்கிறது. அதாவது எந்த ஒளி வருகிறது என்று பார்த்து முடிவெடுக்கும் உணர்விகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

எப்போதும் நிறைய வைத்துக்கொள்ளலாமே, ஏன் இந்தக் கணக்கு? ஏனென்றால் எம்.ஏ.ஏ-வில் நைட்ரஜன் உண்டு. கடல்நீரில் நைட்ரஜன் எளிதில் கிடைக்கும் சரக்கு அல்ல. சன்ஸ்கிரீனில் போட்டால் புரதத்துக்குக் குறையும். அம்மோனியம் கலந்த நீரில் வளர்த்த போர்பைராவில் எம்.ஏ.ஏ கூடுதலாகச் சேருவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சத்து குறைந்த நீரும் உச்சி வெயிலும் ஒன்றாக வந்தால் பாசி இரண்டு பக்கமும் இடிபடுகிறது.

பழுப்புப் பாசிகள் வேறு வழி பிடித்தவை. அவற்றில் எம்.ஏ.ஏ பொதுவாக இல்லை, இருந்தாலும் சொற்பம். அதற்குப் பதில் ஃப்ளோரோடானின். ஃப்ளோரோகுளுசினால் என்ற சிறிய பீனாலைக் கோர்த்துக் கோர்த்து உருவாக்கிய பல்வேறு நீளச் சங்கிலிகள். சில இனங்களில் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் வெளித்தோல் செல்களில் சிறு சிறு குமிழ்களாக அடைந்து கிடக்கும், உள்ளே போகப் போகக் குறையும். உறிஞ்சும் உச்சம் 270-ஐ ஒட்டி இருக்கிறது. அதன் வால் யுவி-பி-க்குள் நீள்கிறது. எம்.ஏ.ஏ மாதிரி கச்சிதமான பொருத்தம் இல்லைதான், ஆனால் அளவு அந்தக் குறையை ஈடுகட்டும். ஃப்ளோரோடானினுக்கு வேறு வேலைகளும் உண்டு: மேய வரும் நத்தைக்குத் துவர்ப்பு, செல்சுவருக்குப் பிணைப்பு, ஆக்சிஜனேற்றத் தடுப்பு. வெயில் காப்பு இந்தப் பல வேலைகளில் ஒன்றுதான். யுவி-பி அதிகம் கொடுத்தால் முட்டைப்பாசி எனப்படும் அஸ்கோஃபில்லம் நோடோசம் இதைக் கூடுதலாகத் தயாரிக்கிறது என்பதும் உறுதி. தண்ணீருக்குள்ளும் கசிய விடும். பழுப்புப் பாசி அடர்ந்த பாறைக் குட்டைகளில் நீர் மஞ்சளோடிப் போயிருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த மஞ்சள் நீர் அக்கம்பக்கத்து உயிர்களுக்கும் திரையாகிறது.

பச்சைப் பாசிகள்தான் எனக்குப் பெரிய புதிர். பெரும்பாலானவற்றில் எம்.ஏ.ஏ-வும் இல்லை, ஃப்ளோரோடானினும் இல்லை. விதிவிலக்குகள் உண்டு: பிரசியோலா என்ற சின்னப் பாசியிடம் 324 நானோமீட்டரில் உறிஞ்சும் ஒரு எம்.ஏ.ஏ இருக்கிறது. டாஸிகிளாடஸ் வெர்மிகுலாரிஸ், கூமரின் வகைப் பொருள் ஒன்றைத் தயாரித்து வெளியேயும் விடுகிறது. ஆனால் எங்கும் மண்டிக் கிடக்கும் உல்வா, அந்த மெல்லிய பச்சைத் தாள் மாதிரி பாசி, கையில் குடையே இல்லாமல் உச்சி வெயிலில் நிற்கிறது. இரண்டே செல் தடிமன்.

அது செய்வது கொஞ்சம் கொடூரமான ஏற்பாடு. உல்வா ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தையாகக் கிடக்கும். அந்த மெத்தையை விரலால் விலக்கிப் பார்த்தால் மேல் அடுக்கு வெளுத்து, சில இடங்களில் காகிதம் போல வெள்ளையாகவே போயிருக்கும். இரண்டாவது அடுக்கு வெளிர் பச்சை. அதற்கும் கீழே பளிச்சென்ற ஆரோக்கியமான பச்சை. மேலே செத்த அடுக்கு கீழே உள்ளதற்கு வடிகட்டி. தென் ஸ்பெயின் கரையில் இந்த அடுக்குகளைத் தனித்தனியாக அளந்தபோது, மேல் அடுக்கின் ஒளிச்சேர்க்கை நொறுங்கியும் அடியில் உள்ளவை பெரிதாகப் பாதிக்கப்படாமலும் இருப்பது தெரிந்தது. தனி இலையாகப் பார்த்தால் இது தோல்வி, கூட்டமாகப் பார்த்தால் மெத்தை முழுதாகப் பிழைக்கிறது.

வேதிப்பொருள் இல்லாத வேறு வழிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். டிக்டியோட்டா என்ற பழுப்புப் பாசி, வெளிச்சம் கடுமையானால் தன் பசுங்கணிகங்களை மேல்சுவரில் இருந்து பக்கச் சுவர்களுக்கு நகர்த்திவிடும். வெயில் தணிந்தால் திரும்ப விரிக்கும். விசிறி வடிவப் பழுப்புப் பாசியான பாடினாவின் மேல் வெண்மையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். போர்பைரா வெயிலில் காய்ந்து தன் நீரில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்து பாறையில் கருந்தோலாக ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஒளிச்சேர்க்கையே நின்றுவிடுவதால் அதில் கிளம்பும் தொல்லைகளும் குறைகின்றன. கடல் ஏறி நனைத்ததும் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

திரை தாண்டி உள்ளே வந்த கதிரின் பின்விளைவுகளைத் துடைப்பது ஆக்சிஜனேற்றத் தடுப்புப் படை. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள், வைட்டமின் சி, கரோட்டினாய்டுகள் எல்லாம் நிலத்துத் தாவரங்களிலும் உள்ளவைதான். கடலுக்கே உரிய விசித்திரம் ஒன்று உண்டு: அயோடின். 1811-இல் பெர்னார் குர்துவா அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில் இருந்துதான். லாமினேரியா என்ற பெரிய பழுப்புப் பாசி தன் உலர் எடையில் ஒரு சதவீதம் அளவுக்கு அயோடின் சேர்க்கிறது, கடல்நீரில் இருப்பதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. இவ்வளவு எதற்கு என்று நெடுநாள் தெரியவில்லை. செல்களுக்கு வெளியே அயோடைடாக நிற்கும் அது, ஆக்சிஜன் தொல்லைகளை நேராகச் சந்தித்து முறித்துவிடுகிறது என்பது 2008-இல் தெளிவானது. கரிமம் இல்லாத ஒரு எளிய அயனி இந்த வேலையைச் செய்வது உயிருலகில் அபூர்வம். வினைக்குப் பின் வெளியேறும் அயோடின் காற்றில் கலந்து நுண்துகள்களாகிறது, அவை மேகத் துளிகள் உருவாக வித்தாகவும் ஆகலாம்.

இப்போது நான் முதலில் சொன்ன பழுதுபார்ப்பு. மின்சுற்றில் ஃபியூஸ் போவது மாதிரி, டி1 புரதம் கெட்டுப்போவதற்கென்றே இருக்கிறது. கெட்டதைப் பிடுங்கி எறிந்துவிட்டு புதியதைச் செருகும் வேலை பகல் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். ஓதப்பகுதிப் பாசி ஒன்றைக் காலையில் ஒளிர்வுமானியில் அளந்தால் ஒளிச்சேர்க்கைத் திறனின் குறியீடு 0.7 பக்கம் இருக்கும். நடுப்பகலில் சரியும், சில நேரம் பாதிக்கும் கீழே. மாலைக்குள் மெல்ல ஏறி, பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நடுப்பகல் எண்ணை மட்டும் பார்த்தவர் பாசி சாகிறது என்று எழுதிவிடுவார். மாலை எண்ணைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. மேலே வாழும் இனத்துக்கும் ஆழத்தில் வாழும் இனத்துக்கும் உள்ள வித்தியாசம் பலவேளை எவ்வளவு சரிந்தது என்பதில் தெரிவதைவிட எவ்வளவு சீக்கிரம் எழுந்தது என்பதில்தான் நன்றாகத் தெரியும்.

டி.என்.ஏ-வுக்கு ஃபோட்டோலையேஸ் என்ற நொதி. ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு எழுத்துகளின் மேல் உட்கார்ந்து பிணைப்பை அறுத்து, பழையபடி பிரித்து வைக்கிறது. எதையும் வெட்டவும் வேண்டாம், புதிதாக ஒட்டவும் வேண்டாம். இதற்கு வேண்டிய ஆற்றலை அது எடுப்பது யுவி-ஏ-விலிருந்தும் நீல ஒளியிலிருந்தும். ஒரே வெயிலில் ஒரு பகுதி உடைக்கிறது, இன்னொரு பகுதி அதைச் சரிசெய்யும் நொதியை ஓட்டுகிறது. அதனால்தான் ஆய்வகத்தில் வெறும் யுவி-பி விளக்கை மட்டும் போட்டுச் செய்த பழைய சோதனைகளை நான் அப்படியே நம்புவதில்லை. இயற்கையில் யுவி-பி தனியாக வருவதில்லை, கூடவே மருந்தும் வருகிறது. இருட்டில் வேலை செய்யும் இன்னொரு முறையும் உண்டு: கெட்ட பகுதியை ஒரு துண்டாக வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்புவது. அது நிதானமானது, செலவும் அதிகம்.

இவ்வளவு இருந்தும் ஒரு கட்டத்தில் கடற்பாசி நிராதரவாகத்தான் நிற்கிறது. அது வித்துப் பருவம். சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள ஒற்றைச் செல்லுக்குள் எவ்வளவு எம்.ஏ.ஏ-வையோ ஃப்ளோரோடானினையோ திணித்தாலும், ஒளி கடக்க வேண்டிய தூரமே கொஞ்சம் என்பதால் திரை சரியாக வேலை செய்யாது. பெரிய பழுப்புப் பாசிகளின் நீந்தும் வித்துகள் பட்ட கதிரில் முளைக்கும் திறனை எளிதில் இழக்கின்றன. ஆழமற்ற இடத்து இனங்களின் வித்துகள் ஓரளவு தாங்கும், ஆழத்து இனங்களுடையவை தாங்குவதில்லை. ஸ்பிட்ஸ்பெர்கன் போன்ற துருவக் கரைகளில் எந்தப் பாசி எவ்வளவு மேலே வரை வளரலாம் என்ற எல்லையை முதிர்ந்த செடியைவிட இந்த வித்துகளே தீர்மானிக்கின்றன. பனிக்கட்டி உடையும் வசந்தத்தில் இருட்டில் கிடந்த நீருக்குள் திடீரென்று வெளிச்சம் பாயும்போது நிலைமை இன்னும் மோசம். அப்புறம், தாய்ப்பாசிகள் கசியவிட்ட ஃப்ளோரோடானின் கரைந்த நீரில் இருந்த வித்துகள் வெறும் நீரில் இருந்தவற்றைவிட நன்றாகத் தப்பின என்றும் ஒரு சோதனை காட்டியது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் சூடுபிடித்ததற்குக் காரணம் ஓசோன் துளை. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிவதை 1985-இல் அறிவித்தார்கள், 1987-இல் ஓசோனைக் கெடுக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. கூடுதல் யுவி-பி கடலுக்கு என்ன செய்யும் என்ற பதற்றத்தில் 90-களில் கடற்பாசிப் பக்கம் பலர் திரும்பினார்கள். இன்று நம் கையில் உள்ள எம்.ஏ.ஏ பட்டியல்களில் கணிசமானவை அந்தக் காலத்து உழைப்பு.

சரி, நமக்கு உதவுமா? விலங்குகளுக்கு ஏற்கெனவே உதவுகிறது. எம்.ஏ.ஏ தயாரிக்கத் தேவையான வேதிப்பாதை பெரும்பாலான விலங்குகளிடம் இல்லை. தின்றுதான் பெற வேண்டும். எம்.ஏ.ஏ மிகுந்த சிவப்புப் பாசி தின்ற கடல் முள்ளெலிகளின் முட்டைகள், இல்லாத பாசி தின்றவற்றின் முட்டைகளைவிடப் புறஊதாவில் குறைவான தாமதத்தோடு செல்களாகப் பிரிந்தன. மனிதருக்கு, போர்பைரா அம்பிலிகாலிஸ் சாற்றில் இருந்து எடுத்த எம்.ஏ.ஏ அடங்கிய அழகுசாதனப் பொருள்கள் சந்தையில் உண்டு. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகரிக்கப்பட்ட புறஊதா வடிகட்டிகளின் பட்டியலில் எம்.ஏ.ஏ இல்லை. அதனால் எஸ்.பி.எஃப் எண் போட்டு அங்கே விற்கும் கிரீமில் 'கடற்பாசிச் சாறு' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், அந்த எண்ணைத் தாங்குவது அதனுள் இருக்கும் துத்தநாக ஆக்சைடோ வேறு வழக்கமான வடிகட்டியோதான். இன்னொரு இடைஞ்சல், எம்.ஏ.ஏ நீரில் கரையும். வியர்த்தாலோ கடலில் இறங்கினாலோ கழுவிப்போகும். பாசிக்கு அந்தக் கவலை இல்லை, அது பூசிக்கொள்வதில்லை, செல்லுக்குள் வைத்திருக்கிறது. பாசியை அரைத்து முகத்தில் பூசி வெயிலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: வேண்டாம்.